கடைசி அத்தியாயம் முடிந்த ராத்திரி: பார்த்தவர்கள் மனசைப் பதிவு செய்யும் முறை

சீமைக்கருவேலங் கட்டையை அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, மேலே ஈரமண் பூசிக் கரிமூட்டம் போடுவதை ராமநாதபுரம் மாவட்டத்தில் பார்க்காதவர்கள் குறைவு. தீ வெளியே தெரியாது, நாள்கணக்கில் புகை மட்டும் வரும். அவசரப்பட்டு மண்ணைப் பிரித்தால் காற்று புகுந்து கட்டை பற்றிக்கொள்ளும், கரி போய்ச் சாம்பல் ஆகிவிடும். குடும்பத்துக்குள் நடந்த ஒரு குற்றத்தை எட்டு அத்தியாயத்துக்கு மூடி வைத்து, கடைசியில் திறக்கும் இணையத் தொடர்களும் அப்படிப்பட்டவைதான். அவற்றைப் பார்த்தவர்களின் கருத்தைக் கேட்பதிலும் இதே கவனம் வேண்டும். கேட்கிற நேரமும் விதமும் தப்பினால் கிடைப்பது மூன்றே சொல்: 'சூப்பர்', 'மொக்க', 'இழுவை'.

ஊர்ப்புற நூலகம், வாசகர் வட்டம், கல்லூரி நண்பர்கள், தெருப் பிள்ளைகள் என்று யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய முறை இது. 12 முதல் 15 பேர் போதும். அதற்கு மேல் போனால் பேசுகிறவர்கள் நாலு பேர், மற்றவர்கள் பார்வையாளர்கள் என்று ஆகிவிடும். கருத்தை எழுத ஆளுக்கு மூன்று சீட்டு வேண்டும். ஒரு ஏ4 தாளை நாலாகக் கிழித்தால் ஒரு சீட்டு சரியான அளவு. 15 பேருக்கு 45 சீட்டு, 12 தாள். பால்பாயிண்ட் பேனா வாங்குங்கள். கடற்காற்றில் தாள் ஈரம் இழுத்துக்கொள்ளும், ஜெல் பேனா மை கசியலாம். மூடி இறுக்கமான ஒரு பிஸ்கட் டப்பா, ஒட்டும் டேப், ஒலிப்பதிவுக்கு ஒரு போன். செலவு அவ்வளவுதான்.

பார்ப்பது அவரவர் வீட்டில்

புரொஜெக்டர் கட்டி எல்லோருக்கும் போட்டுக் காட்டலாம் என்ற யோசனை முதலில் வரும். விட்டுவிடுங்கள். ஓடிடி சந்தா சொந்த உபயோகத்துக்கு, ஒரு வீட்டாருக்கு என்று விதித்துத்தான் தரப்படுகிறது. மண்டபத்தில் போட்டால், டிக்கெட் விற்காவிட்டாலும், அது அந்த விதிக்கு வெளியே போய்விடும். டெலிகிராமில் வரும் திருட்டுப் பிரதி இன்னும் மோசம். சட்டம் ஒருபுறம் இருக்க, அத்தியாய எண் மாறியிருக்கும், ஒலி தள்ளி ஓடும், சில நேரம் கடைசி நிமிடங்களே இருக்காது. அதைப் பார்த்துவிட்டு 'முடிவு புரியல' என்று ஒருவர் சொன்னால் அந்தக் கருத்தை எதோடு சேர்ப்பது? அவரவர் வீட்டில், அவரவர் சந்தாவில் பார்க்கட்டும். கூடுவது பேசுவதற்கு மட்டும்.

பார்ப்பதற்கு முன் எல்லோருக்கும் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். இவற்றைச் சொல்லாமல் விட்டதால்தான் பாதிக் கூட்டங்கள் வீணாகின்றன.

கடைசி அத்தியாயம் எத்தனை நிமிடம் என்று முதலில் பாருங்கள். சில தொடர்களில் அது மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். போனில் சாதாரணத் தரத்தில் ஓடினாலே மணிக்கு முக்கால் முதல் ஒரு ஜிபி வரை போகும், எச்டி என்றால் மூன்று ஜிபி வரை இழுக்கும். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் வைத்திருப்பவருக்குச் சாயங்காலத்துக்குள் பாதி தீர்ந்திருக்கும். முடிச்சு அவிழ்கிற இடத்தில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் அன்றைய அனுபவம் போச்சு. ராத்திரி பதினொன்றரைக்கு டவுன்லோடு போடச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் அளவு அதில் போகும், பன்னிரண்டு அடித்ததும் மறுநாள் பேக் சேர்ந்துகொள்ளும். ஒரு எச்சரிக்கை: டவுன்லோடு செய்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டால், பல தளங்களில் 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். பார்க்கிற அன்றுதான் திறக்க வேண்டும்.

இரண்டாவது, வேகம். 1.25, 1.5 என்று ஓட்டிப் பார்க்கிற பழக்கம் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது. இந்த வகைக் கதையில் மாமியார் பதில் சொல்லாமல் அரிசி புடைக்கிற பத்து விநாடிதான் வசனம். அதை ஆறரை விநாடி ஆக்கினால் அவள் மறைக்கிறாளா, மறந்தாளா என்பதே தெரியாது. மூன்றாவது, காது. போன் ஸ்பீக்கரில் அடிக்குரல் ஒலிகள் கேட்கவே கேட்காது. அச்சம் ஊட்டும் உறுமல் இசை முழுக்க அங்கேதான் இருக்கும். இயர்போன் போடச் சொல்லுங்கள். நான்காவது, வெளிச்சம். இருட்டுக் காட்சிகள் நிறைந்த தொடரைப் பகல் வெயில் விழும் திண்ணையில் போனில் பார்த்தால் ஒரு கறுப்புக் கட்டம்தான் தெரியும்.

கடைசியாக, பெயர்ப்பட்டியல் ஓடும்போது செயலி தானாகவே அடுத்த தொடரின் முன்னோட்டத்துக்குத் தாவும். பட்டியல் நடுவிலோ முடிவிலோ ஒரு சின்னக் காட்சி இருந்தால் அது தவறிவிடும். தானாக ஓடும் வசதியை அமைப்பில் அணைத்து வைக்கலாம். இல்லையென்றால் பட்டியல் ஆரம்பித்ததும் திரையைத் தொட்டு, அதைத் தொடர்ந்து பார்க்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

நாள் குறிப்பது

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். அந்த வீடுகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆள் இருக்கும். ஆனால் சனிக்கிழமை கிளம்ப வேண்டியவர்கள் என்பதால் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். நாட்டுப்படகுக்காரர்கள் மற்ற நாள்களில் போகிறவர்கள். இரண்டு தரப்பும் வர வேண்டுமென்றால் அவர்களிடமும் கேட்டுத்தான் நாள் வைக்க வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்றால் இஷா என்னும் இரவுத் தொழுகை முடிந்த பிறகு. தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருந்தக் கூடாது.

முழு சீசனையும் எல்லோரும் அவரவர் வீட்டில் ஒரே காலத்தில் பார்த்துப் பேச ஆசை இருந்தால் மீன்பிடித் தடைக்காலத்தைவிட நல்ல காலம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். எட்டு அத்தியாயத் தொடரை வாரம் இரண்டாகப் பார்த்தால் நாலு வாரத்தில் முடியும். அதற்குப் பத்து நாள் கழித்து எழுதும் மூன்றாவது சீட்டுக்கும் இடம் இருக்கும். படகு மராமத்து வேலை பகலில் ஓடும், சாயங்காலம் ஓய்வுதான்.

பெண்களுக்குத் தனியாக ஓர் அமர்வு வையுங்கள், பகல் இரண்டரை மணி வாக்கில். கலந்து உட்கார்ந்தால் குடும்பத் தொடரைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களே வாய் திறக்காமல் போய்விடுகிறார்கள். நாத்தனார் ஏன் அந்தச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் என்பது ஆண்கள் கூட்டத்தில் பேச்சிலேயே வராது.

மூன்று சீட்டு

முதல் சீட்டு கடைசி அத்தியாயத்துக்கு முன்னால். அதில் மூன்றே கேள்வி: யார் செய்தது? எதற்காக? கடைசிக் காட்சியில் அந்த வீட்டில் யார் யார் மிஞ்சுவார்கள்? பெயரும் தேதியும் எழுதி மடித்து டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். இது விளையாட்டுக்காக இல்லை. குற்றக் கதை முடிந்ததும் பலர் வாயில் வருவது 'எனக்கு அப்பவே தெரியும்' என்பதுதான். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. மனசு அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு விஷயத்தின் முடிவு தெரிந்துவிட்டால் அது முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதாகத்தான் இருந்தது என்று மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள் என்பதை உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-ல் சோதனை செய்து காட்டினார். கதை சொன்னவர்கள் உண்மையிலேயே ஒளித்தார்களா, தடயத்தைக் கொட்டிவிட்டார்களா என்று அறிய டப்பாவை விட்டால் வேறு வழியில்லை.

இரண்டாவது சீட்டு, பார்த்து முடித்த அதே ராத்திரி, வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன்னால். கட்டாயம் தனியாக எழுத வேண்டும். சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனையில், கோடுகளின் நீளத்தைச் சொல்வது போன்ற எளிய காரியத்திலேயே, சுற்றியிருந்தவர்கள் ஒரே குரலில் தப்பாகச் சொன்னபோது கணிசமானவர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள். விடையைத் தனியே எழுதவிட்டபோது அந்த ஒத்தூதல் வெகுவாகக் குறைந்தது. கோட்டுக்கே இப்படியென்றால், மூத்தவர் ஒருவர் 'குப்பைப் படம்' என்று சொன்ன பிறகு இருபது வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? இந்தச் சீட்டின் தலையில் நாலு விவரம் இருக்க வேண்டும்: எதில் பார்த்தார், எந்த மொழியில், எந்த வேகத்தில், ஒரே மூச்சிலா விட்டு விட்டா. அதற்குக் கீழே ஒரு காட்சி, ஒரு மெய்ப்பாடு (அதாவது உணர்ச்சி, பட்டியல் கீழே வருகிறது), ஒரு வரிக் காரணம். நட்சத்திர மதிப்பெண் கேட்காதீர்கள். ஐந்துக்கு மூன்று என்பதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

மூன்றாவது சீட்டு பத்து நாள் கழித்து. ஓர் அனுபவத்தின் உச்சத்தையும் முடிவையும் வைத்தே நினைவு அதை எடை போடுகிறது என்று டேனியல் கானமனும் கூட்டாளிகளும் 1993-ல் காட்டினார்கள். ஆறு மணி நேரம் பொறுமையாக வளர்ந்த கதையைக் கடைசிப் பத்து நிமிடம் தூக்கிச் சாப்பிட்டுவிடும், நல்லதற்கும் கெட்டதற்கும். அதனால் இந்தச் சீட்டில் முடிவைப் பற்றிக் கேட்பதில்லை. 'முதல் மூன்று அத்தியாயத்தில் இப்போது நினைவுக்கு வரும் காட்சி எது? அதன் அர்த்தம் இப்போது மாறிவிட்டதா?' இவ்வளவுதான். மாறியிருக்கிறது என்று பலர் எழுதினால் கரி நன்றாக வெந்திருக்கிறது. ஒருவருக்கும் முன்பாதிக் காட்சி எதுவும் நினைவில் இல்லையென்றால், முடிவு எவ்வளவு அதிர்ச்சியாக இருந்தாலும் மூட்டத்தில் எங்கோ ஓட்டை இருந்திருக்கிறது.

எட்டு மெய்ப்பாடு

உணர்ச்சிக்குப் பெயர் தேடி வெளியே போக வேண்டாம். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டைத் தருகிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இவற்றை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். இளிவரல் என்றால் அருவருப்பும் தாழ்வும் கலந்த கூச்சம், மருட்கை என்றால் வியப்பு என்று இரண்டுக்கு மட்டும் விளக்கம் எழுதினால் போதும், மற்றவை எல்லோருக்கும் விளங்கும்.

இதில் உண்மையான பயன் இன்னொன்று. தொல்காப்பியர் ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் அது பிறக்கும் நாலு நிலைக்களனையும் சொல்கிறார். வெகுளி உறுப்பறை (உறுப்பைச் சிதைப்பது), குடிகோள், அலை (அடித்து வருத்துவது), கொலை என்ற நாலில் பிறக்கும். குடிகோள் என்பது குடிக்கு, அதைச் சார்ந்தவர்களுக்குச் செய்யும் கேடு. ஒரு குடும்பக் குற்றக் கதையைப் பார்த்து ஒருவர் கோபப்படுகிறார் என்றால், கொலைக்காகவா, குடும்பத்தைக் கெடுத்ததற்காகவா என்று பிரித்துக் கேட்க இதைவிட நல்ல கருவி கிடையாது. அழுகைக்கும் அப்படியே: இளிவு (அவமானம்), இழவு (இழப்பு), அசைவு (பழைய நிலை கெடுவது), வறுமை. செத்தவனுக்காக அழுதாரா, அவமானப்பட்டவளுக்காக அழுதாரா? இரண்டும் வேறு வேறு முடிவுரைகள்.

பேச்சை நடத்துவது

கூட்டத்தில் முதல் வேலை, சீட்டை ஒருவர் வாங்கி, பெயர் சொல்லாமல் எல்லாவற்றையும் வாசிப்பது. அதன் பிறகே பேச்சு. வயதில் சின்னவரிலிருந்து ஆரம்பியுங்கள். நடத்துகிறவர் தன் கருத்தைக் கடைசிவரை சொல்லக் கூடாது, 'ஆமா, கரெக்ட்' என்று தலையாட்டவும் கூடாது. அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எந்த இடத்தில்?

கற்பனையாக ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். மலையோர ஊர், மரக்கடைக் குடும்பம், மூத்த மகன் காணாமல் போகிறான். எட்டாவது அத்தியாயத்தின் கடைசிக் காட்சியில் தாய் சாப்பாட்டுக்கு ஐந்து தட்டு எடுத்து வைக்கிறாள். பிறகு ஒன்றை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள். அத்தோடு சீசன் முடிகிறது. கீழக்கரையில் ஒரு கூட்டம் என்றால் (அங்கே மூத்தவரை, அண்ணனை 'காக்கா' என்பார்கள்) பேச்சு இப்படிப் போகலாம்:

"முடிவு நல்லாவே இல்ல தம்பி."

"எந்த இடத்துல காக்கா மனசு விட்டுப்போச்சு?"

"அந்தம்மா தட்டு எடுத்து வைக்கிற இடம்."

"அதுல என்ன காக்கா?"

"இத்தன நாளா புள்ளயத் தேடி அலஞ்சவ. ஒரு தட்ட எடுத்து உள்ள வச்சுட்டாளே. அப்ப மகன் வரமாட்டான்னு முன்னாடியே தெரிஞ்சவ அவ. கூட நின்னு அழுத நம்மள ஏமாத்திட்டா."

'நல்லாவே இல்லை' என்று ஆரம்பித்தவர் தொடரின் முடிச்சையே அவிழ்த்துச் சொல்லிவிட்டார். அவர் கோபம் கதை சொன்னவர்கள் மேல் இல்லை, அந்தத் தாய் மேல். வெகுளி, குடிகோள். 'பிடிக்கவில்லை' பத்தியில் இதை எழுதியிருந்தால் தலைகீழாகியிருக்கும். இந்தப் பேச்சு முழுவதற்கும் முப்பது விநாடிகூட ஆகாது. ஆனால் இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது பதிலுக்கும் நடுவே அவர் யோசிக்கும்போது நடத்துகிறவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

பொதுவான குறைகள் வரும்போது ஆராய்வதற்குச் சில வழிகள். 'இழுவை' என்றால் அவர் சீட்டின் தலையைப் பாருங்கள். மூன்று வாரம் இடைவெளி விட்டுப் பார்த்தவருக்கு இளைய மருமகள் பெயரே மறந்திருக்கும்; பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும். 'ஒண்ணுமே புரியல' என்றால் திரை, ஒலி, விடுபட்ட அத்தியாயம், பெயர்ப்பட்டியலுக்குப் பிந்திய காட்சி என்று வரிசையாகக் கேளுங்கள். டப்பிங்கில் பார்த்தவர் மூலமொழியில் பார்த்தவரோடு முரண்பட்டால் இருவரும் அந்த வசனத்தைத் திரும்பப் போட்டுக் கேட்கட்டும். உறவுச்சொல் மாறினாலே சந்தேகம் வேறு ஆள் மேல் போய்விடும். சித்தப்பாவையும் மாமாவையும் ஒரே சொல்லால் அழைக்கும் மொழியிலிருந்து வரும்போது மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

'முடிவே இல்ல' என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு: "அடுத்த சீசன் வராதுன்னு வச்சுக்குங்க, இது போதுமா?" போதும் என்றால் அது திறந்து விட்ட முடிவு. போதாது என்றால் பாதியில் அறுத்தது. 'நியாயம் கிடைக்கல' என்பது வேறு ஜாதிக் குறை. உலகத்தில் நியாயம் கிடைக்காது என்று காட்டுவதே கதையின் எண்ணமாக இருக்கலாம். அதை ஏற்க மறுக்கும் உரிமையும் பார்வையாளருக்கு உண்டு, இரண்டையும் எழுதுங்கள்.

கடற்கரைக்காரர்களிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி: "சொத்து யார் பேர்ல இருக்கு?" படகு ஒருவர் பேரில், முன்பணம் வியாபாரியிடம், உழைப்பு தம்பிகளுடையது, வருமானம் பங்கு வைத்து என்று வாழ்கிறவர்கள் கதையில் கடன் எங்கே இருக்கிறது என்பதை எந்த விமர்சகரையும்விடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். மரக்கடையாக இருந்தாலும் சரி, சுரங்கமாக இருந்தாலும் சரி.

ஒன்றில் மட்டும் கடுமையாக இருங்கள். அரை மணி நேரத்தில் யாராவது "நம்ம ஊர்லயே இப்படித்தானே அந்த வீட்டுல..." என்று ஆரம்பிப்பார். உடனே நிறுத்த வேண்டும். நாலு தெருவும் சொந்தபந்தமாக இருக்கும் ஊரில், நடந்த குற்றத்தைப் பற்றிய ஒரு வாய்ச்சொல் பத்து வருடப் பகை. 'கதைக்குள்ள இருப்போம் மாமா' என்று சொல்லிவிட்டுக் காட்சிக்குத் திரும்புங்கள், அந்தப் பகுதியை ஒலிப்பதிவிலிருந்தும் அழித்துவிடுங்கள். கதை யாரையாவது நிஜமாகவே உலுக்கியிருந்தால் கூட்டத்தில் வைத்துத் தோண்டாதீர்கள். பிறகு தனியாகப் பேசுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்களைச் சீட்டின் பின்புறமே எழுதி வைத்திருப்பது நல்லது.

ஒலிப்பதிவும் எழுத்தும்

பதிவு செய்யப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லி எல்லோரிடமும் சம்மதம் வாங்குங்கள். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் வெளியே உட்கார்ந்தால் போனில் இரைச்சல் மட்டும்தான் பதியும். கட்டடத்தின் கிழக்குப் பக்கம், காற்று மறைவில் உட்காருங்கள். போனை நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் மடித்த துண்டு வைத்து அதில் வையுங்கள், மைக் துளைக்கு மேல் ஒரு மடிப்புக் கைக்குட்டை. பேசுகிறவர் ஒரு கை நீளத்துக்குள் இருந்தால் தெளிவாக வரும். வாடைக்காலத்தில் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். போனை ஏரோபிளேன் மோடில் போட மறந்தால் நல்ல பேச்சின் நடுவே அழைப்பு வந்து சில போன்களில் பதிவு நின்றுவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் தொகுப்பைப் போடும்போது முதல் வரி 'எட்டாவது அத்தியாயம் பார்த்தவர்கள் மட்டும்' என்று இருக்கட்டும். பூட்டிய திரையில் செய்தியின் முதல் வரி எல்லோருக்கும் தெரியும், கொலைகாரன் பெயர் அங்கே வந்துவிடக் கூடாது. குரல்செய்தி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எழுத்தைக் கண்ணால் தவிர்க்கலாம், குரல் ஓட ஆரம்பித்தால் முதல் சொல்லிலேயே முடிவு காதில் விழுந்துவிடும்.

தொகுப்பு எழுதும்போது ஆள் பெயர் வேண்டாம். 'நாட்டுப்படகுத் தொழிலாளி, ஐம்பது வயதுக்கு மேல்' என்பது போன்ற அடையாளம்கூடச் சின்ன ஊரில் ஆளைக் காட்டிவிடும். 'ஒருவர்' போதும். பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாகத் திருத்தாதீர்கள். 'தட்ட எடுத்து உள்ள வச்சுட்டாளே' என்பதில் உள்ள அந்த ஏகாரம்தான் அவர் தீர்ப்பு. 'தட்டை உள்ளே வைத்துவிட்டாள்' என்று எழுதினால் அது வெறும் செய்தி. முதல் பத்தியில் எத்தனை பேர், எதில், எந்த மொழியில் பார்த்தார்கள் என்று சொல்லுங்கள். அடுத்து, டப்பாவிலிருந்து வந்த ஊகங்கள். அதன் பிறகு காட்சி வாரியாக எதிர்வினை. ஒரே காட்சிக்கு அழுகையும் வெகுளியும் வந்திருந்தால் சராசரி எடுக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், அங்கேதான் தொடர் உயிரோடு இருக்கிறது. தனி ஆளாக நின்று மாற்றிச் சொன்னவரின் வரியைக் கட்டாயம் சேருங்கள்.

மூன்றாவது சீட்டு வராமல் போவதுதான் பெரும்பாலான முயற்சிகளின் கதி. பத்தாவது நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் நேரில் போய்ச் சீட்டையும் பேனாவையும் கையில் கொடுத்து, எழுதும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்து வாங்கிவந்தால்தான் வரும்.